அம்மா கையால் செய்த கார்ன் டாக்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாக ஆரம்பித்த சங்கதி இல்லை. ஒரு வார இதழின் குழந்தைகள் பக்கத்துக்கு நான் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்ட சமையல் குறிப்பு. "வீட்டிலேயே ஆரோக்கியமான கார்ன் டாக். அரைப் பக்கம் போதும். முடிந்தால் கொஞ்சம் நகைச்சுவை" என்று கேட்டிருந்தார்கள். எனக்கு வெந்நீர் வைக்கத் தெரியும். அதிலும் பாதி நாள் பாத்திரம் கருகும். ஆனாலும் சரி என்று சொல்லிவிட்டேன். முடியாது என்று சொல்ல வராத வாய் எனக்கு.

குறிப்பை அனுப்ப வேண்டிய நாள் காலையில், எங்கள் குடியிருப்பின் லிஃப்ட் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் என்னோடு நின்றுபோனது. பழுதுபார்க்க வந்தவள் ஒரு பெண். நான்காம் மாடிக் கதவை ஒரு சாண் நெம்பித் திறந்தாள். ஒரு கண்ணும் பாதி நெற்றியும் தெரிந்தன.

"பயப்படாதீங்க. மேல மோட்டார் ரூமுக்கு எங்க ஆளு ஒருத்தர் வந்துட்டு இருக்காரு. அவர் வந்து பிரேக்க விட்டாத்தான் லிஃப்ட் அசையும். அது வரைக்கும் பேசிக்கிட்டு இருப்போம்."

என்ன பேசுவது? "சாயங்காலத்துக்குள்ள கார்ன் டாக் பத்தி எழுதிக் குடுக்கணும்" என்று உளறினேன்.

"கார்ன் டாக்கா?" அந்த ஒற்றைக் கண் சிரித்தது. "அத நான் நாலு தடவ செஞ்சு மூணு தடவ தோத்திருக்கேன்."

லிஃப்ட் அசையும்வரை, அடுத்த முக்கால் மணி நேரம் அவள் சொன்னதுதான் இது. எழுதலாமா என்று கேட்டேன். "தாராளமா எழுதுங்க. பேரு மட்டும் போட்டுடாதீங்க, எங்கக்கா என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவா" என்றாள். எனவே யாருக்கும் பெயர் கிடையாது. அந்தக் குழந்தை அவளைச் சித்தி என்று கூப்பிடுமாம். நானும் அப்படியே கூப்பிடுகிறேன்.

2

முதல் தொடக்கம்: 'அன்று காலையிலிருந்தே மழை விடாமல்...'

(வேண்டாம். மழையே பெய்யவில்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியாதபோதெல்லாம் நான் மழையைக் கூப்பிட்டுவிடுகிறேன்.)

இரண்டாம் தொடக்கம்: 'தேவையான பொருட்கள்: சோள மாவு ஒரு கப், கோதுமை மாவு அரைக் கப், தாய்ப்பாசம் தேவையான...'

(சகிக்கவில்லை.)

நேராகவே சொல்கிறேன். சித்தியின் அக்காவுக்கு ஏழாம் மாதம். ஒரு நாள் காலையில் உதிரப்போக்கு கண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவளை அங்கேயே படுக்க வைத்துவிட்டார்கள். கால் தரையில் படக் கூடாது, பிரசவம் வரை இங்கேதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்காவின் கணவர் சரக்குக் கப்பலில் இன்ஜின் பார்ப்பவர். அடுத்த துறைமுகம் வரும்வரை கடலில் குதித்தால்தான் உண்டு.

வீட்டில் ஆறு வயதுப் பெண் குழந்தை. ஒல்லி, கூர்மையான பார்வை, எதையாவது சொல்லி நறுக்கென்று குத்தும். அதனால் எல்லோரும் அதைக் குண்டூசி என்றே கூப்பிடுவார்கள். லிஃப்ட் கம்பெனியில் ஷிஃப்ட் மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டு, ஒரு துணிப் பையும் ஒரு டூல்ஸ் பெட்டியுமாகச் சித்தி அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

[இந்த இடத்தில் வாசகருக்கு ஒரு பதற்றம் வரும், எனக்கும் வந்தது. அதனால் முதலில் அதைத்தான் கேட்டேன். குழந்தை நல்லபடியாகப் பிறந்துவிட்டது. தம்பிப் பாப்பா. அக்காவும் சௌக்கியம். கதையின் சுவைக்காகக்கூட அந்தப் பயத்தை இழுத்தடிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நான் சொல்லப்போகும் நாட்களில் அந்த வீட்டில் யாருக்கும் இது தெரியாது.]

3

குண்டூசி அழவில்லை. அம்மா எங்கே என்று கேட்கவில்லை. பள்ளிக்கூடம் போனது, வந்தது, வீட்டுப்பாடம் எழுதியது. சாப்பாடு மட்டும் இறங்கவில்லை. சித்தி எதைச் செய்து வைத்தாலும் தட்டை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "பால் போதும்" என்றது. நான்காம் நாள் கன்னம் ஒட்டிப்போய் எலும்பு தெரிந்தது.

"என்னதான்டா வேணும் உனக்கு? சொல்லு, சித்தி செஞ்சு தரேன்."

"அம்மா செய்யற கார்ன் டாக்."

கார்ன் டாக் தெரியாதவர்களுக்கு: குச்சியில் செருகிய சாசேஜை, அதாவது நீளமாக உருட்டிய கொத்துக்கறியை, சோளமாவுக் கரைசலில் முக்கி எண்ணெயில் பொரித்தெடுப்பது. கடையில் விற்பதைக் கையில் பிடித்தால் விரலெல்லாம் எண்ணெய். ஆனால் அக்கா வீட்டில் கதையே வேறு. குடும்பத்தில் அக்காவின் கார்ன் டாக் பிரசித்தம். கோழிக்கறியைத் தானே அரைப்பாளாம். சோளத்தைத் தானே திரித்துச் சலிப்பாளாம். ஒரு சொட்டு எண்ணெய் கிடையாதாம், எல்லாம் 'அவன்' அடுப்பில்தானாம். யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் பொட்டலத் தீனியைக் கண்டால் அக்கா ஆரம்பித்துவிடுவாள். சில மாதங்களுக்கு முன்னால் ஒரு பிறந்தநாள் விருந்தில், சித்தி ஆசையாக வாங்கிப் போன சிப்ஸ் பாக்கெட்டைக் குழந்தை கையிலிருந்து பிடுங்கி, எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "உனக்குன்னு ஒண்ணு இருந்தா தெரியும்டி, எதை வாய்ல போடலாம், எதைப் போடக் கூடாதுன்னு."

சித்திக்குப் பிள்ளை கிடையாது. கல்யாணமும் கிடையாது. அது அவளுக்குக் குறையாக இருந்ததே இல்லை, அந்த ஒரு சாயங்காலம் தவிர.

4

சித்தி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள்.

"அந்த கார்ன் டாக் எப்படிக்கா செய்யற?"

மறுமுனையில் அக்கா இழுத்தாள். "அது... கோழிக்கறி கொத்தினது. கேரட் துருவிப் போடு. கொஞ்சம் ஓட்ஸ் பொடி."

"எத்தனை கிராம்?"

"எல்லாம் கண்ணளவுதான்டி."

"அவன் எத்தனை டிகிரி?"

"சூடா வெச்சுக்கோ."

"சூடுன்னா எவ்வளவு சூடு? ஒரு நம்பர் சொல்லுக்கா. நம்பர் இல்லாம எனக்கு வேலை ஓடாது."

"நர்ஸு வராங்க, வெச்சிடறேன்" என்று வைத்துவிட்டாள்.

முதல் தடவை, கறியும் கேரட்டும் ஓட்ஸும் மிளகுத்தூளும் பிசைந்து, குச்சியைச் சுற்றி உருட்டி, ஆவியில் வேகவைத்தாள். அது வரைக்கும் சரி. சோளமாவு, கோதுமை மாவு, முட்டை, தயிர் எல்லாம் சேர்த்துக் கரைத்து, முக்கி, அவனில் வைத்தாள். பத்து நிமிடத்தில் மாவு மொத்தமும் வழிந்து தட்டில் குளமாகிவிட்டது. குண்டூசி கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்து, "சித்தி, எல்லாம் ஜமுக்காளம் விரிச்சுப் படுத்துடுச்சு" என்றது.

இரண்டாம் தடவை மாவைக் கெட்டியாகப் பிசைந்தாள். வெளியே வெடித்து உள்ளே வேகாமல் வந்தது. சிமென்ட் பூச்சு மாதிரி இருந்ததாக அவளே ஒப்புக்கொண்டாள்.

மூன்றாம் தடவை, வேலைக்குப் போன இடத்தில் ஒருவர் சுவருக்குப் பெயின்ட் அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மூளையில் பொறி தட்டியது. பெயின்ட் ஒட்டுவதற்கு முதலில் பிரைமர் அடிக்கிறார்கள் இல்லையா? வீட்டுக்கு வந்து சாசேஜைத் துணியால் ஒற்றி ஈரம் போக்கி, முதலில் உலர்ந்த மாவில் புரட்டினாள். கரைசலை உயரமான டம்ளரில் ஊற்றிச் செங்குத்தாக முக்கினாள். காய்ந்த தோசைக்கல்லில் ஒரே ஒரு ஸ்பூன் எண்ணெய் தடவி, மேல்தோல் இறுகும்வரை உருட்டியெடுத்து, பிறகு அவனில் இருநூறு டிகிரி, பதினைந்து நிமிடம். பொன்னிறமாக, உருண்டையாக, பார்க்கவே ஆசையாக வந்தது.

(என் அரைப் பக்கம் இங்கேயே கிடைத்துவிட்டது. இங்கேயே நிறுத்தியிருந்தால் நான் நல்ல சமையல் எழுத்தாளர்.)

குண்டூசி ஒரு கடி கடித்தது. நிதானமாக மென்றது.

"நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் என்ன?"

"அம்மாது இல்ல." குச்சியைத் தட்டில் வைத்துவிட்டது.

சித்திக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் பழுது என்று வந்துவிட்டால் காரணம் கண்டுபிடிக்காமல் விடுகிற சாதி இல்லை அவள். "அம்மாது எப்படி இருக்கும்? யோசிச்சுச் சொல்லு."

"உள்ள ரோஸ் கலரா இருக்கும். வழவழன்னு இருக்கும். அப்புறம்... எல்லாம் ஒரே சைஸா இருக்கும்."

5

ஒரே சைஸ்.

கையால் உருட்டுகிற எதுவும் ஒரே சைஸாக வராது. உதிரி பாகங்களோடு பதினான்கு வருடம் குடித்தனம் நடத்தியவளுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரே அளவில் பத்து சாமான் இருந்தால், அது மிஷினிலிருந்து வந்தது.

குழந்தை தூங்கப் போன பிறகு... (இல்லை, தவறு. மறுநாள் காலை குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்த பிறகு) சித்தி ஃப்ரீசரைத் திறந்தாள். ஐஸ் டப்பா, மீன் பொட்டலம், அடியில் பச்சைப் பட்டாணிப் பை ஒன்று. வாயைத் துணி கிளிப் போட்டு மூடியிருந்தது. குண்டூசிக்குப் பட்டாணி என்றால் ஆகவே ஆகாது. அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்காது. சித்தி கிளிப்பை எடுத்தாள்.

உள்ளே பட்டாணி இல்லை. ஃபேக்டரியில் செய்து உறைய வைத்த கார்ன் டாக். பதினொன்று. அச்சில் வார்த்த மாதிரி, ஒரே நீளம், ஒரே பருமன்.

முதலில் சிரிப்பு வந்தது. சமையலறைத் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடிந்ததும் அந்தப் பிறந்தநாள் விருந்து ஞாபகம் வந்தது. கூடியிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்த பார்வை ஞாபகம் வந்தது. பட்டாணிப் பையைக் கையில் பிடித்தபடியே, இதை அப்படியே கொண்டுபோய் அக்காவின் கட்டிலில் போட வேண்டும் என்று நினைத்தாள்.

6

பையைக் கொண்டுபோகவில்லை. ஆனால் வண்டி ஓட்டிக்கொண்டு போகும்போதே பேச வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டாள். ஒவ்வொரு சிக்னலிலும் வசனம் நீண்டது.

(அந்த வசனத்தை நான் எழுதிப் பார்த்தேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. நன்றாகவே இருந்தது. பேசப்படாத வசனம் என்பதால் எடுத்துவிட்டேன்.)

ஆஸ்பத்திரி அறையில் அக்கா மல்லாந்து படுத்திருந்தாள். கால்மாட்டை உயர்த்த, கட்டிலின் கால்களுக்கு அடியில் மரக்கட்டைகள் கொடுத்திருந்தார்கள். ஒரு கட்டை மற்றதைவிடச் சன்னம். அக்கா மூச்சு விட்டால்கூடக் கட்டில் டொக் டொக் என்று ஆடியது. எத்தனை நாளாக இப்படி ஆடுகிறதோ! சித்தி வாயைத் திறக்கப் போனவள், சட்டென்று குனிந்து கட்டிலுக்கு அடியில் புகுந்தாள். சட்டைப் பையிலிருந்த அட்டையை மடித்துக் கட்டைக்கு அடியில் செருகினாள். ஒரு திருகாணி வேறு லூசாக இருந்தது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள்.

"அங்க என்னடி பண்ற?"

"ஆடுதுக்கா. இரு."

சித்தி திருகாணியைத் திருப்பத் தொடங்கினாள். பிறகு அக்காவின் குரல் மட்டும் வந்தது. "அவ சாப்பிட்டாளா?"

"ஒரு கடி."

"பட்டாணிப் பையைப் பாத்துட்டியா?"

சித்தி திருகாணியைத் திருப்புவதை நிறுத்தினாள். "ம்."

"முதல்ல எல்லாம் நானேதான்டி செஞ்சேன். சத்தியமா. கறி அரைச்சு, மாவு சலிச்சு, எல்லாம். போன வருஷம் ஒண்ணு வயித்துல நிக்காமப் போச்சு இல்ல? அதுக்கப்புறம் அடுப்பு முன்னாடி நின்னாலே கை காலெல்லாம் ஓஞ்சு போகும். ஒரு நாள் முடியல. கடையில பாக்கெட் வாங்கிச் சுட வெச்சுக் குடுத்தேன். ஒரு நாளைக்குத்தானேன்னு."

"சரி."

"அவ ஒரு கடி கடிச்சிட்டு என்னை நிமிர்ந்து பாத்து, 'அம்மா, இன்னிக்குத்தான்மா ரொம்ப நல்லா இருக்கு'ன்னா."

கட்டில் ஆடவில்லை. திருகாணி இறுகிவிட்டிருந்தது. சித்தி அப்படியே தரையில் கிடந்தாள்.

"அதுக்கப்புறம் எப்படிடி நான் பழையபடி செய்யறது? என்னன்னு சொல்றது? சமையல்கட்டு பக்கமே வராதேன்னு அவளை விரட்டிட்டு, கதவைச் சாத்திக்கிட்டு அதையே சுட வெச்சுக் குடுத்துட்டு இருக்கேன். வெளிய போனா எல்லாருக்கும் பாடம் எடுக்கறேன். உன்னைக்கூட..."

ஒத்திகை பார்த்த வசனம் எல்லாம் எங்கே போனதோ. சித்தி கட்டிலுக்கு அடியிலிருந்து கையை மட்டும் மேலே நீட்டினாள். துழாவிப் பார்த்த விரல்களில் அக்காவின் பாதம் கிடைத்தது. ஜில்லென்று இருந்தது. பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் பதினொண்ணு இருக்கும்" என்றாள் அக்கா. "அதையே குடு கண்ணு. அவ சாப்பிட்டாப் போதும் எனக்கு."

7

இந்த இடத்தில் குண்டூசி மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. உங்களுக்கும் வந்திருக்கும். 'குழந்தைக்கு முன்பே தெரியும், அம்மா மனம் நோகக் கூடாது என்று மறைத்திருக்கிறது' என்று முடித்தால் எவ்வளவு அழகாக இருக்கும்! எழுதியும் பார்த்தேன். கதைகளில் வருகிற குழந்தைகள் பலரும் இப்படித்தான், பெரியவர்களை விடப் பெரியவர்களாக...

லிஃப்டில் நின்றபோதே கதவு இடுக்கில் கேட்டிருந்தேன்: "அவளுக்கு ஏற்கெனவே தெரிஞ்சிருக்குமோ?"

"ஆறு வயசுங்க அதுக்கு!" என்றாள் கதை சொன்னவள், கோபமாகவே. "அது பட்டாணின்னா பத்தடி தள்ளி நிக்கும். அம்மா செஞ்சதுன்னா அம்மா செஞ்சது. அவ்வளவுதான் அதுக்கு."

எழுதியதை அடித்துவிட்டேன். ஆறு வயது ஆறு வயதாகவே இருக்கட்டும்.

8

அன்று சாயங்காலம் சித்தி பதினொன்றில் இரண்டை அவனில் வைத்தாள். குழந்தை உள் அறையில் படம் வரைந்துகொண்டிருந்தது. வாசனை எழும்பி, கூடத்தைத் தாண்டி, உள்ளே போனது.

தடதடவென்று ஓடி வரும் சத்தம். வாசலில் மூச்சிரைக்க நின்றது குண்டூசி. முகமெல்லாம் வெளிச்சம்.

"அம்மா வந்துட்டாளா?"

சித்தி பதில் சொல்வதற்குள் திரும்பி ஓடியது. படுக்கையறைக் கதவு, குளியலறைக் கதவு, துணி உலர்த்தும் பால்கனிக் கதவு என்று ஒவ்வொன்றாகத் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு சத்தம் நின்றது.

பால்கனியில் அம்மாவின் துணி எதுவும் காயவில்லை. காலியான கொடிக்கு அடியில் நின்று, ஒன்பது நாள் அழாத அழுகையைக் குழந்தை அன்றைக்கு அழுதது. சித்தி தூக்கிக்கொண்டாள். தோளெல்லாம் ஈரம். எவ்வளவு நேரம் தூக்கி வைத்திருந்தாள் என்று கேட்டேன். "கை மரத்துப் போற வரைக்கும்" என்றாள்.

அழுது ஓய்ந்ததும் இரண்டையும் சாப்பிட்டது. கடைசித் துணுக்கைக் குச்சியிலிருந்து கடித்து இழுத்தபடி கேட்டது: "அம்மாது மாதிரியே எப்படி செஞ்ச?"

"அம்மாகிட்டயே போய்க் கேட்டுட்டு வந்தேன்." அதில் பொய் ஒன்றும் இல்லை.

"அம்மாவுக்கு அங்க யாரு செஞ்சு தருவா?"

இந்தக் கேள்விக்குச் சித்தி தயாராக இல்லை. ஆனால் கேட்ட மாத்திரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

"நாமதான். நாளைக்கு லீவுதானே? வா, ரெண்டு பேரும் செஞ்சு எடுத்துட்டுப் போலாம்."

9

நான்காம் தடவை. சமையல்மேடைக்கு எட்டாத குண்டூசிக்கு டூல்ஸ் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு மேலே ஏற்றினாள் சித்தி. கேரட்டைத் துருவும்போது பாதி வாய்க்குள் போனது. கறிக் கலவையைக் குச்சியில் உருட்டச் சொன்னால், ஒன்று தவளை மாதிரி வந்தது, ஒன்று கணுக்கால் மாதிரி வந்தது. "எல்லாம் ஒரே மாதிரி வரணுமா?" என்று கவலையோடு கேட்டது. "தேவையே இல்ல" என்றாள் சித்தி. மாவில் புரட்டி, டம்ளரில் முக்கி, கல்லில் உருட்டி, அவனில் ஏற்றி இருவரும் கண்ணாடி முன்னால் தரையில் உட்கார்ந்து பதினைந்து நிமிடம் வேடிக்கை பார்த்தார்கள்.

ஆறு வந்தன. தவளையை அங்கேயே குண்டூசி தின்றுவிட்டது. முழுசாக. யாரும் கேட்காமலே.

ஆஸ்பத்திரியில் நர்ஸிடம் உப்பு கம்மி, எண்ணெய் கம்மி என்று சொல்லி அனுமதி வாங்கினார்கள். குண்டூசி கட்டிலில் ஏறி, அம்மாவின் வயிற்றில் இடிக்காமல் ஓரமாக மண்டியிட்டு, டப்பாவைத் திறந்தது. அக்கா கோணல்மாணலான அந்த ஐந்தையும் பார்த்தாள். ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

"நீயா செஞ்ச?"

"நானும் சித்தியும். உன்னுது மாதிரி வரலம்மா." குழந்தையின் குரல் இறங்கியது. "நீ வீட்டுக்கு வந்ததும், உன்னுது எப்படி செய்யறதுன்னு எனக்குச் சொல்லிக் குடு. வெளிய போன்னு சொல்லாத. நான் பக்கத்துலயே நின்னு பாக்கறேன்."

அக்கா மெல்வதை நிறுத்தினாள். அவள் கண்கள் குழந்தையைத் தாண்டி, சுவரோரம் நின்ற தங்கையிடம் வந்தன.

சித்தி தண்ணீர் ஜாடியைக் கையில் எடுத்தாள். முக்கால் ஜாடித் தண்ணீர் இருந்தது. "தண்ணி பிடிச்சிட்டு வரேன்" என்று சொல்லி வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

10

"அப்புறம்?" என்று கேட்டேன்.

"அப்புறம் என்ன? தண்ணி பிடிச்சேன். கை கழுவறது எப்படின்னு அங்க ஒரு போர்டு இருந்துச்சு. மொத்தமும் படிச்சேன். ரெண்டு தடவ."

"அக்கா என்ன சொன்னாங்கன்னு கேக்கவே இல்லியா?"

"கேக்கறதுக்கா வெளிய வந்தேன்?"

எனக்கு இரண்டு முடிவுகள் கைவசம் இருந்தன. ஒன்றில் அக்கா உண்மையைச் சொல்கிறாள். குழந்தை சற்று யோசித்துவிட்டு, 'அப்ப நான் உனக்குச் சொல்லித்தரேன்' என்கிறது. இன்னொன்றில் அக்கா 'சரிடா கண்ணு' என்று மட்டும் சொல்லிவிட்டு, பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்து... இரண்டையும் எழுதினேன். இரண்டும் என் கையெழுத்தில்தான் இருந்தன, அக்காவின் குரலில் இல்லை. உடன்பிறந்தவளே கேட்காமல் விட்டதை நான் கதவில் காது வைத்துக் கேட்டு எழுதினால் நன்றாகவா இருக்கும்?

எனவே நானும் இங்கே, ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே நின்றுகொள்கிறேன். நீங்கள் உள்ளே இருங்கள். படுத்திருப்பது நீங்கள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை கேட்டுவிட்டு உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது. உதட்டோரத்தில் கேரட் துருவல் ஒன்று ஒட்டியிருக்கிறது.

முதலில் அதைத் துடைத்துவிடுங்கள். பிறகு சொல்லுங்கள்.